இரு, போ, ஓடு

மருத்துவப் பட்டச் சான்றிதழ் மாட்ட வேண்டிய இடத்தில் அவர் பதக்கங்களை மாட்டியிருந்தார். என் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கியது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், விரைவுப் பேருந்துகள் நிற்காத ஊர் எங்களுடையது. என் மனைவி பிறந்த ஊர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றதும் இங்கே வந்து குடியேறினோம். வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் பத்திரத்தில் முத்திரை சரியா, கையெழுத்து சரியா, சாட்சி சரியா என்று பார்த்துப் பழகியவன் நான். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தை ஊர்மேல் திருப்பினேன். எந்தப் புயல் எந்தக் கிழமையில் அடித்தது, எந்த மழையில் எந்த வாய்க்கால் உடைந்தது என்று கோடு போட்ட நோட்டுகளில் எழுதி வைப்பேன். வாரத்துக்கு ஒருமுறை கடலூர் போய் நூலகத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பேன். ஊரில் முக்கியமானவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம். 'மிலிட்டரி டாக்டர்' என்று ஊர் அழைத்த மனிதருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். சீக்கிரமே நிரம்பிவிட்டது. ஆனால் ஏறக்குறைய எல்லா வரிக்கும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

நெடுநெடுவென்ற உடம்பு. வெள்ளை அரைக்கைச் சட்டையை எப்போதும் பேன்ட்டுக்குள் சொருகியிருப்பார். கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும். நாடி பிடிக்கிற கையைத் திருப்பாமலே மணி பார்க்கலாம். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "மணி என்ன?" என்பதுதான். கடிகாரம் கட்டியவர் ஏன் கேட்கிறார் என்று வெகுநாள் எனக்கு விளங்கவில்லை. பிறகு புரிந்தது, பதில் சொல்கிற ஆளின் நாக்கும் கண்ணும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார். சிறிய வயதிலேயே பட்டாளத்துக்குப் போய், ஓய்வுபெற்று வந்து, ஊருக்கு வெளியே சாலையோரம் ஓட்டு வீடு ஒன்றில் கிளினிக் வைத்தார். வெளியே தொங்கிய பலகையில் 'மிலிட்டரி கிளினிக்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. பெயர் இல்லை, பெயருக்குப் பின்னால் எழுத்துகளும் இல்லை.

காலையில் எட்டு மணிக்குக் கதவைத் திறந்ததும் உட்கார மாட்டார். வாசலில் நின்று, காத்திருப்பவர்களை ஒவ்வொருவராகத் தன்னை நோக்கி நடந்து வரச் சொல்வார். முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். நடையைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "இரு" என்றால் அவரே பார்ப்பார். "போ" என்றால் இன்றைக்குள் சிதம்பரமோ கடலூரோ போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். "ஓடு" என்றால் அந்த நிமிஷமே. ஊரில் இது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. கிளினிக்கிலிருந்து வருபவரை நிறுத்தி, "இன்னா சொன்னாரு, இருவா, போவா?" என்று கேட்பார்கள். டீக்கடையில் ஒருவன், "எம் மாமியாள கூட்டியாறேன் டாக்டரே, ஓடுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, ஊருக்கே ஓடிடட்டும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தது நினைவிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. "உன்னயத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ராத்திரி இருமுறியா? நீ போ" என்றார். அவனுக்குக் காசநோய் என்று கடலூரில் சொன்னார்கள்.

"போ", "ஓடு" என்று அனுப்புகிறவர்களின் முன்கையில் நீல பால்பாயின்ட் பேனாவால் மணியை எழுதுவார். எத்தனை மணிக்குப் பார்த்தார், ஊசி போட்டிருந்தால் என்ன ஊசி. பாம்பு கடித்து வந்தால் கடித்த நேரம், வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே ஒரு கோடு. ஒருமுறை வேறு வேலையாகச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஊர் பெயரைச் சொன்னேன். அங்கிருந்த நர்ஸம்மா, "ஓ, கையில எழுதி அனுப்புவாரே, அவரு ஊரா? நல்ல வேல சார் அது. நேரம் தெரிஞ்சா எங்களுக்குப் பாதி வேல மிச்சம்" என்றார்.

இதில் எனக்கு உறுத்தியது என்னவென்றால், தோலில் எழுதிய அந்தக் கை காகிதத்தில் எதையும் எழுதாது. மருந்துச் சீட்டு கிடையாது. மாத்திரையைச் செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுத்து, வேளையை வாயால் சொல்வார். பள்ளிக்கூட லீவுக்கு ஒரு சான்று கேட்டாலும், இறப்புச் சான்று கேட்டாலும், "அதெல்லாம் சிதம்பரத்துல வாங்கிக்குங்க" என்றுதான் பதில். கையெழுத்துப் போடாத டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்திர அலுவலகத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறவனைத்தான் முதலில் கவனிப்போம்.

ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"எந்த காலேஜ் சார் நீங்க?"

"மிலிட்டரி சார்."

"அது தெரியும். வைத்தியம் எங்க படிச்சீங்கன்னு கேட்டேன்."

"மிலிட்டரி ஆஸ்பத்திரியிலதான் சார் படிச்சேன். எல்லாத்தையும் அங்கதான் படிச்சேன்."

வீட்டுக்கு வந்து இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்தேன். பொய் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை.

பதக்கங்கள் நான்கு. வெல்வெட் விரித்த கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. 1965 போருக்கு ஒன்று. 1971 டிசம்பர் போருக்கு இரண்டு, அதில் ஒன்று கிழக்கு முனையில் பணிபுரிந்தவர்களுக்குத் தந்த நட்சத்திரம். நான்காவது, சுதந்திரத்தின் இருபத்தைந்தாவது ஆண்டையொட்டிக் கொடுத்தது. எல்லாமே போர்க்கால ஆஸ்பத்திரியில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்ததற்குக் கிடைத்தவை என்று ஊரே சொல்லும். ஊசி போட்டுக்கொள்ளும் நேரத்தில் குழந்தைகளை அதைத்தான் பார்க்கச் சொல்வார். பதக்கங்களை நாடாவில் தொங்கவிடுவதுதான் வழக்கம். இவர் தொங்கவிடவில்லை. வெல்வெட்டுக்குக் கீழே அட்டையில் வட்டமாகப் பள்ளம் வெட்டி, ஒவ்வொன்றையும் முகம் மட்டும் தெரியும்படி உள்ளே பதித்திருந்தார். விளிம்பு வெளியே தெரியாது. இதைக் குறித்துக்கொண்டேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியாது.

என் மனைவிக்கு அவர்மேல் சந்தேகம் கிடையாது. அதற்குக் காரணம் 'தானே' புயல். 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அது கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து சாலை மறைந்துவிட்டது. பறந்து வந்த தகரம் ஒன்று என் மனைவியின் கெண்டைக்காலைக் கிழித்தது. அன்று அவர் வாசலில் நின்று நடக்கச் சொல்லவில்லை. யாராலும் நடக்க முடியவில்லை. "இன்னிக்குப் போவும் இல்ல, ஓடுவும் இல்ல. எல்லாரும் இருங்க" என்றார். மழைக்கோட்டோடு தரையில் மண்டியிட்டு, அரிக்கேன் விளக்கில் தையல் போட்டார். தையல் ஒவ்வொன்றும் மிஷின் தையல்போல ஒரே அளவு. அதற்குப் பிறகு நான் அவரைப் பற்றி வாய் திறந்தால் என் மனைவி புடவையை முழங்கால்வரை தூக்கிக் காட்டுவாள்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பத்திரம் வேணும். இந்தா, இதான் பத்திரம். நல்லா படிச்சிக்கங்க."

அடுத்த கரும்பு வெட்டுப் பருவத்தில் அது நடந்தது.

எங்கள் தெருவில் அஞ்சலை என்று ஒரு பெண். அவள் கணவன் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினான். அன்று காலை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவே நின்று கைகாட்டிக் கொண்டிருந்தான், ஓட்டியது வேறொருவன். வயிற்றில் ஓர் இடி. ரத்தம் இல்லை, காயம் இல்லை. தானே நடந்து கிளினிக்குக்குப் போனான். டாக்டர் நடையைப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இரு" என்றார். உள்ளே பெஞ்சில் படுக்க வைத்து வலிக்கு ஊசி போட்டார். சாயங்காலம் திடீரென்று அவரே தெருவுக்கு ஓடிவந்து ஒரு வேனை மறித்து அவனை ஏற்றி, "ஓடு, ஓடு" என்று கத்தினாராம். சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. உள்ளே ரத்தக் கசிவு என்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அஞ்சலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பால்வாடி போகிற வயதில் மகள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். எம் புருசன் கையில நாலு பத்துன்னு எழுதியிருந்துச்சு. குளிப்பாட்டறப்ப எல்லாரும் தேச்சு எடுன்னாங்க, நான் உடல. காலையில பத்தரைக்கு அங்க போயிருக்காரு. பத்தரையிலேருந்து நாலு பத்து வரைக்கும் எதுக்கு மாமா உக்கார வச்சிருந்தாரு?"

அந்த மணியை அவர் எழுதாமல் அனுப்பியிருந்தால் அவளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று மட்டும் தோன்றியது.

"அவரு நெசமாவே டாக்டர்தானா? நீங்கதான் பத்திரமெல்லாம் பாப்பீங்களே. பாத்துச் சொல்லுங்க. டாக்டரே பாத்தும் போச்சுன்னா எந் தலையெழுத்துன்னு உட்டுடறேன். டாக்டர் இல்லன்னா உட மாட்டேன். போலீசு, கலெக்டரு, எங்க வேணாலும் போவேன்."

"பார்க்கறேம்மா" என்றேன்.

இத்தனை நாள் பொழுதுபோக்காகச் சந்தேகப்பட்டவனுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு விறுவிறுப்புகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாரமே கடலூர் நூலகத்தில் ராணுவப் பதக்கங்களைப் பற்றி ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். அதில் நான் தேடிய வரி இருந்தது. நம் நாட்டில் போர்ப் பதக்கம் வாங்குகிறவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பதக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வட்டப் பதக்கமாக இருந்தால், விளிம்பில்.

பள்ளம் வெட்டிப் பதித்ததன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கியது. பதக்கம் வேறு யாருடையதோ. செத்துப்போன ஒரு டாக்டருடையது, அல்லது பழைய சாமான் கடையில் வாங்கியது. அப்படித்தான் முடிவுகட்டினேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் மலருக்குப் பதக்கங்களைப் படம் எடுக்க வேண்டும், சட்டத்தைக் கழற்ற முடியுமா என்று போய்க் கேட்டேன். மலர் போடுகிற பேச்சு உண்மையிலேயே இருந்தது. ஆனால் நான் போனது அதற்காக இல்லை. "ஆணி துருப்பிடிச்சிருக்கு சார், கண்ணாடி ஒடஞ்சிடும்" என்றார். அடுத்த வாரம் போனபோது, "இன்னிக்கு ஆளுங்க ஜாஸ்தி" என்றார். ஆள் ஜாஸ்தி என்பது உண்மை. ஆனால் உள்ளே பெஞ்ச் காலியாக இருந்தது. அன்றுதான் கவனித்தேன். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்து, "போ", "போ", "போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாதாரண ஜலதோஷம். "போ." காலில் முள் குத்திய கிழவர். "போ." கிழவர் கோபித்துக்கொண்டு, "ஒரு முள்ள எடுக்கச் சிதம்பரமா? ஒனக்கு இன்னா ஆச்சு?" என்று கத்தினார். அஞ்சலையின் கணவன் செத்த நாளிலிருந்து அவர் ஒருவரிடம்கூட "இரு" என்று சொல்லவில்லை. நோட்டில் அதையும் எழுதினேன்: 'குற்றமுள்ள நெஞ்சு. பயந்துவிட்டார்.'

மூன்றாவது முறை போனது ஒரு மத்தியான நேரம். கிளினிக்கில் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டத்தைத் தானே இறக்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்திருப்பீங்களே."

என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்காமல், "நீங்களே கழட்டுங்க சார்" என்றார். கழற்றினேன். அட்டையை எடுத்து, 1971 போருக்கான வட்டப் பதக்கத்தை விரல் நுனியில் பிடித்து மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து திருப்பினேன். எழுத்துகள் பொடியாக, தெளிவாக இருந்தன.

பெயர் அவருடையதுதான்.

நான் எதிர்பார்த்தது அதை அல்ல. மறுபடி படித்தேன். எண், பதவி, பெயர், ராணுவ மருத்துவப் பிரிவு. பதவி இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, என்.கே. நாயக் என்பதன் சுருக்கம், சிப்பாய்க்குச் சற்று மேலான பதவி. 1965 பதக்கத்தை எடுத்தேன். அதில் சிப்பாய். ராணுவத்தில் டாக்டராகச் சேருகிறவர் முதல் நாளிலிருந்தே அதிகாரி; குறைந்தது லெப்டினன்ட், பெரும்பாலும் கேப்டன். நாயக் டாக்டராக இருக்க முடியாது. டாக்டருக்கு உதவி செய்கிற ஆள்.

"அசல் சார்" என்றார். "போலியா இருந்தா எனக்குப் பயமே இல்லையே. நானே கேப்டன்னு பொறிச்சிருப்பேன். அசலா போனதாலதான் குழி வெட்டிப் பொதச்சி வச்சேன்."

"அப்ப நீங்க..."

"நர்சிங் அசிஸ்டென்ட். கிழக்க, எல்லை ஓரத்துல ஆஸ்பத்திரி. டிசம்பர் மாசம். லாரி லாரியா வரும். சர்ஜன் ஒரே ஆளு, மேஜர். அவரால எல்லாத்தையும் பாக்க முடியாது. என்னய கூடார வாசல்ல நிறுத்தினாரு. உனக்குக் கண்ணு நல்லா இருக்கு, நீ பிரிச்சு அனுப்புன்னாரு. எவன் மொதல்ல, எவன் அப்புறம், எவன வெளிய வைக்கறது. நேரத்த கையில எழுதுன்னாரு. அத மட்டும்தான் சார் எனக்குத் தெரியும். பிரிக்கறது." பதக்கத்தைக் காட்டிச் சொன்னார். "இந்தப் பதக்கம் வீரத்துக்குக் குடுத்ததுன்னு ஊருல நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அங்க இருந்தவனுக்கெல்லாம் குடுத்தது. எங்க சமையக்காரருக்கும் இதே பதக்கம்தான்."

அஞ்சலையின் கணவனைப் பற்றி நான் கேட்காமலே அவர் பேசினார்.

"வயித்த அமுக்கிப் பாத்தேன் சார். மெத்துனு இருந்துச்சு. கல்லா இருந்தா அப்பவே ஓடுன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு மணிக்குப் பாத்தேன், அப்பவும் மெத்துனுதான். நாலு மணிக்குக் கல்லாயிடுச்சு."

"ஒரு டாக்டரா இருந்தா காலையிலயே கண்டுபிடிச்சிருப்பாரா?"

அவர் என்னை முதன்முறையாக முகத்துக்கு நேரே பார்த்தார்.

"அத சொல்றதுக்கே ஒரு டாக்டரா இருக்கணும் சார்."

சட்டத்தைத் திருப்பி மாட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அதுவும் ஒரு தந்திரம் என்றே நினைத்தபடி வீட்டுக்கு நடந்தேன். கெஞ்சாதவன்மேல் எதிராளிக்கு இரக்கம் வரும் என்று அவருக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். ஆனால் என் மனைவியின் கால் நினைவுக்கு வந்தது. அந்தச் சாலையில் ராத்திரி பகல் என்று பாராமல் கையில் மணி எழுதி அனுப்பப்பட்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளையே போலீஸ் வண்டி வரும். 'போலி டாக்டர் கைது' என்று செய்தி வரும். அவர் கையில் பதக்கத்தைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அவள் வாசலுக்கு வந்தாள்.

"பதக்கத்த எடுத்துப் பாத்தேம்மா. அசல்தான். அவரு பேருதான் இருக்கு."

"அப்ப டாக்டர்தானா மாமா?"

"போர் ஆஸ்பத்திரியில வேல பாத்திருக்காரு. அதுக்குத்தான் குடுத்திருக்காங்க" என்றேன்.

அவள் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "சரி மாமா" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து அதை நோட்டில் எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து கிளினிக் பூட்டியிருந்தது. வெளியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். சுவரில் சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் நீள்சதுரமாகத் தெரிந்தது. ஆதாரத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டார் என்று எழுதி, அவருடைய பக்கத்தின் அடியில் கோடு போட்டு மூடினேன். சில வருஷம் கழித்து அவர் காலமாகிவிட்டதாகத் தகவல் வந்தது. தேதி கிடைக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இந்த வருஷம் அஞ்சலையின் மகள் பிளஸ் டூ முடித்தாள். சிதம்பரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இந்தத் தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். விடுதிக்கான உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். மதிப்பெண் பட்டியலை எடுக்க அஞ்சலை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். சான்றிதழ்க் கோப்புக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மகள் அதைத் திறந்தாள்.

நான்கு பதக்கங்களும் இருந்தன. வெல்வெட் இல்லாமல், வெறுமனே.

"இது எப்படி இங்க..." என்றேன்.

அஞ்சலை டீ போட அடுப்பங்கரைக்குப் போனாள். மகள்தான் பேசினாள்.

"தாத்தா, இதோட ஓரத்துல எழுத்து இருக்கு பாருங்க. போன்ல பெருசு பண்ணிப் பாத்தேன். என்.கே.ன்னா நாயக்காம். டாக்டருக்கு அப்படிப் போட மாட்டாங்கன்னு நெட்ல இருக்கு. அப்ப அவரு டாக்டர் இல்லையா?"

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"இல்லம்மா. டாக்டருக்கு உதவியா இருக்கற ஆளு."

உள்ளேயிருந்து டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"இத சொல்றதுக்கு இத்தினி வருசமா மாமா?" என்றாள் அஞ்சலை.

அவள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். குரலில் கோபம் இல்லை. ஆறிப்போன விஷயத்தைச் சொல்கிற குரல்.

"நீங்க கழட்டிப் பாத்த அன்னிக்குச் சாயங்காலமே அவரு வந்துட்டாரு. வெளியதான் நின்னாரு, உள்ள வரல. 'நான் டாக்டர் இல்லம்மா. இருன்னு நான் சொன்ன வார்த்தைக்காகத்தான் உம் புருசன் அங்க உக்காந்திருந்தான். இதுல என் நம்பரு, பேரு, எல்லாம் இருக்கு. யாருகிட்ட வேணாலும் கொண்டுபோய்க் காட்டு. ஒரு வாரம் இங்கயேதான் இருப்பேன், எங்கயும் போவ மாட்டேன்'னு சொல்லிட்டு இதக் குடுத்துட்டுப் போனாரு."

"நீ போகலையே..."

"போலாம்னுதான் இருந்தேன். பஸ்ஸுக்குப் புடவகூட மாத்திட்டேன். ஒத்தையா எங்க போறது, யாரு கேப்பாங்க? நீங்க வருவீங்க, கூட்டிக்கிட்டுப் போலாம்னு இருந்தேன். நீங்களும் வந்தீங்க. டின்னு அப்ப உள்ள அரிசிப் பானை மேல இருந்துச்சு. அசல்தாம்மான்னீங்க. டாக்டர்தானா மாமான்னு உங்களத் திருப்பிக் கேட்டேன். இன்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது.

"அவர நான் மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. இந்தப் புள்ளைக்கு அப்பன் இல்ல. ஆனா அவரு வாசல்ல வந்து நின்னு சொல்லிட்டாரு. தெரிஞ்சிக்கிட்டே மறச்சவரு நீங்க ஒருத்தர்தான்."

மகள் பதக்கங்களை ஒவ்வொன்றாக டின்னில் அடுக்கி மூடினாள். நான் படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு, பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் என்று வரிசையாக நிரப்பினேன். தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். முதல் சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்தபோது அஞ்சலை டீ டம்ளரை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அத உட்டுடுங்க மாமா. உங்க எழுத்து நல்லா இருக்கும், அதனாலதான் கூப்பிட்டேன். சாட்சிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

நான் பேனாவை மூடினேன். டீயைக் குடித்துவிட்டுத்தான் அனுப்பினாள்.